போர் தண்ணீர் வீட்டுக்கு எந்த சோலார் வாட்டர் ஹீட்டர் சரி?

நான்கு பேர், உப்புத் தண்ணீர், கீசரை விட்டுவிட்டு சோலாருக்கு மாறலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக மாறலாம். 100 லிட்டர் தண்ணீரை 27 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோக ஏறக்குறைய 4 யூனிட் மின்சாரம் பிடிக்கும். வெயில் அடிக்கும் நாளில் அது அப்படியே மிச்சம். 60 டிகிரித் தண்ணீரை விளாவித்தானே குளிக்கப்போகிறீர்கள், அதனால் 100 லிட்டர் டேங்க் நான்கு பேருக்குப் போதும்.

வகையில்தான் கவனம் வேண்டும். சோலார் ஹீட்டரில் தட்டை வகை, கண்ணாடிக் குழாய் வகை என்று இரண்டு உண்டு. தட்டை வகையில் தண்ணீர் ஒல்லியான செம்புக் குழாய்களுக்குள் ஓடும். போர் தண்ணீரில் உள்ள உப்பு உள்ளே படிந்து அடைத்துவிடும். உங்களுக்குக் கண்ணாடிக் குழாய் வகைதான் சரி. இரட்டைச் சுவர், நடுவே வெற்றிடம். உள்ளே படியும் உப்பைக் குழாயைக் கழற்றிக் கழுவலாம். ஒன்று மட்டும்: டேங்க் காலியாகி, குழாய் வெயிலில் வெறுமனே காய்ந்திருக்கும்போது மோட்டாரைப் போட்டுவிடாதீர்கள். குளிர்ந்த தண்ணீர் பட்டதும் கண்ணாடி படாரென்று வெடிக்கும். சாயங்காலம் சூடு இறங்கட்டும், அப்புறம் நிரப்புங்கள்.

தெற்குப் பார்த்து, நிழல் விழாத இடமாக வையுங்கள். பக்கத்தில் தென்னை மரம் இருந்தால் தள்ளியே வையுங்கள், காரணம் சொல்ல வேண்டியதில்லை! சுடுதண்ணீர்க் குழாய்க்குச் சாதா பிவிசி கூடாது, சூடு தாங்கும் சிபிவிசி போட்டு மேலே உறையும் சுற்றச் சொல்லுங்கள்.

மொட்டை மாடி கிடைக்காத அடுக்குமாடியில் இருந்தால் ஹீட் பம்ப் பாருங்கள். விலை கூடுதல்தான், ஆனால் காற்றிலிருக்கும் வெப்பத்தை இழுப்பதால், 1 யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 3 யூனிட் வெப்பம் தரும்.