நாய் முற்றத்துக்குச் சிலாப் பதித்தல்: கேள்வி - பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் நாய் சம்பந்தப்பட்டவை. மாரி தொடங்குமுன் வேலையை முடிக்க எல்லோருக்கும் ஒரே அவசரம்.

நாய்க்குக் கம்பிவலை அடித்து, கீழே சிலாப் (வார்த்த கொங்கிறீட் சதுரக்கல்) போடப் போகிறோம். எத்தனை சிலாப் வாங்க வேண்டும்? (ஆரையம்பதி)

கடிதத்தில் நாயின் பெயர் இருக்கிறது, இனம் இருக்கிறது, வயதுகூட இருக்கிறது. இடத்தின் நீள அகலம் மட்டும் இல்லை. சரி, கணக்கை நீங்களே போடுங்கள். நீளத்தை அகலத்தால் பெருக்குங்கள். 2 அடிக்கு 2 அடி சிலாப் என்றால் நாலால் வகுங்கள். உடைவதற்கும் வெட்டுவதற்கும் பத்துக்கு ஒன்று கூட்டுங்கள். 20 அடிக்கு 6 அடி இடமென்றால் 33 சிலாப். தடிப்பு 2 அங்குலம்.

ஆனால் கடைக்குப் போகுமுன் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடப்போகிறது என்று முடிவு செய்யுங்கள். அடிக்குக் கால் அங்குலம் சாய்வு வேண்டும். நீளப்பாட்டுக்குச் சாய்த்தால் 20 அடிக்கு 5 அங்குலம் இறக்க வேண்டிவரும், பார்க்கவும் கோணலாகத் தெரியும். குறுக்குப்பாட்டுக்குச் சாய்த்தால் 6 அடிக்கு ஒன்றரை அங்குலத்தோடு வேலை முடிந்துவிடும். பள்ளமான பக்கத்தில் தண்ணீர் ஓட ஒரு சின்னக் கான்.

எங்கள் வளவு கடற்கரை மணல், நன்றாக இறுகிக் கிடக்கிறது. கிரவல் (சரளை மண்) போடாமல் மேலேயே பதித்தால் என்ன? (களுவாஞ்சிக்குடி)

மணல் இறுகிக் கிடப்பது பக்கத்தில் அதைப் பிடித்துவைக்க மணல் இருக்கும்வரைதான். நாய் முதலில் தோண்டுவது ஓரத்தை. ஓரம் திறந்தால் மணல் நழுவும், பிறகு சிலாப் தானாக இறங்கும். 7, 8 அங்குலம் வெட்டியெடுத்து, 4 அங்குலம் கிரவல் போட்டு, தண்ணீர் தெளித்துத் திமிசால் இடியுங்கள். சுற்றிவர ஓர் அடி ஆழத்துக்குக் கொங்கிறீட் ஓரக்கட்டு போட்டு, கம்பிவலைக் கால்களையும் அதற்குள்ளேயே நட்டுவிடுங்கள். சாய்வு கிரவலிலேயே வந்துவிட வேண்டும். கலவையைக் கூட்டிக் குறைத்துச் சாய்வு எடுக்கிறேன் என்று சொல்லும் மேசனைத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பக்கம் களிமண். இதே முறை சரிவருமா? (வவுணதீவு)

வரும். கிரவல் 6 அங்குலமாக்குங்கள். களி மாரியில் ஊதும், வெயிலில் வெடிக்கும். மாரி ஈரத்தில் அடித்தளம் வெட்ட வேண்டாம். பங்குனிவரை பொறுங்கள்.

கடல் மணலைக் கலவைக்குப் பாவிக்கலாமா? துருப்பிடிக்க உள்ளே கம்பி இல்லைதானே. (பாண்டிருப்பு)

கூடாது. கம்பி இல்லாவிட்டாலும் உப்பு இருக்கிறது. ஈரத்தை இழுக்கும், சிலாப்பின் மேல் வெள்ளை வெள்ளையாகப் பூக்கும். ஆற்று மணல் வாங்குங்கள், அதுவும் அனுமதிப்பத்திரம் உள்ளவரிடம்.

ஒரு வருடத்துக்கு முன் பதித்தது. இப்போது சிலாப்புகள் ஆடுகின்றன, தட்டினால் வெறுஞ்சத்தம். கழுவக் கழுவ மூத்திர வாடையும் போகவில்லை. என்ன மருந்து ஊற்றலாம்? (காரைதீவு)

மருந்து ஒன்றுமில்லை தங்கச்சி. ஒரு சிலாப்பைக் கிளப்பிப் பாருங்கள். நாலு மூலையிலும் நடுவிலுமாக ஐந்து கலவை உருண்டை, மிச்சமெல்லாம் வெற்றிடம். பார்க்காமலே சொல்கிறேன். இந்தப் பகுதியில் இதை நான் எத்தனை தரம் எழுதியும் அந்த உருண்டை வைக்கிற பழக்கம் போகிறதாக இல்லை.

மேசனுக்கு அது லேசு. உருண்டையின் மேல் சிலாப்பை வைத்து, றப்பர் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டினால் மட்டம் வந்துவிடும். முழுதாகக் கலவை பரப்பினால் ஒவ்வொன்றையும் தூக்கி, கூட்டிக் குறைத்து, திரும்ப வைக்க வேண்டும். 20 அடிக்கு 6 அடி இடத்தில் அவர் மிச்சம் பிடிப்பது இரண்டு பை சீமெந்து. உங்களுக்கு மிஞ்சுவது இதுதான்: கீழே தாங்கல் இல்லாததால் சிலாப்புகளுக்கு இடையிலுள்ள மூட்டுக் கலவை வெடிக்கிறது. வெடிப்பால் மூத்திரம் கீழே இறங்கி அந்த வெற்றிடத்தில் தேங்குகிறது. மேலே எத்தனை வாளி ஊற்றினாலும் அங்கே போய்க் கழுவ முடியாது. அப்புறம் எறும்பு மண் தள்ளும், பின்னால் எலி குடிவரும். எலிக்காய்ச்சல் எலியின் மூத்திரத்தால் பரவுவது. நாய்க்கும் வரும், நாயிடமிருந்து உங்களுக்கும் வரும். நெல்வயல் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மூட்டுக்குள்ளால் சீமெந்துத் தண்ணி ஊற்றிச் சரிக்கட்டலாம் என்று யாராவது வருவார்கள். அது பாதி இடத்துக்கும் போகாது. ஆடுகிற எல்லாவற்றையும் கழற்றி, அடியைச் சுரண்டிக் கழுவி, காயவிடுங்கள். சீமெந்து ஒன்றுக்கு மணல் நாலு கலவை, ஒன்றரை அங்குலம், முழுப்பரப்புக்கும். சிலாப்பின் அடியில் சீமெந்துப் பால் பூசிவிட்டு வையுங்கள். முதல் சிலாப் வைத்ததும் அதைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள்: அடிப்பக்கம் முழுக்கக் கலவை ஒட்டியிருக்க வேண்டும். மேசன் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். சாய்வையும் அப்போதே பாருங்கள், அடிக்குக் கால் அங்குலம்.

வாடை போக பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்க்கிறேன். கண் எரிகிறது. (செங்கலடி)

எரியத்தான் செய்யும். மூத்திரத்தில் உள்ள அமோனியாவும் பிளீச்சும் சேர்ந்தால் நச்சு வாயு வரும். நாய்க்கு உங்களைவிட மூக்கு நிலத்துக்குக் கிட்ட. முதலில் வெறும் தண்ணீரால் நன்றாக அடித்துக் கழுவுங்கள். நாயை வெளியே கட்டிவிட்டு, மெல்லிய பிளீச் தண்ணீர் ஊற்றி, பத்து நிமிடத்தில் திரும்பக் கழுவி, காய்ந்த பின் உள்ளே விடுங்கள். பினைல் வேண்டாம், நாய் காலை நக்கும்.

கழுவும் தண்ணீரைக் கிணற்றடி வாழைக்கு விடலாமா? (கல்லடி)

வாழைக்கு விடலாம், கிணற்றடி வாழைக்கு வேண்டாம். கடலோர எழுவான்கரை மணலில் ஊற்றிய தண்ணீர் நேரே கீழே போகும். உங்கள் கிணற்றில் மாரிக்குத் தண்ணீர் கையால் அள்ளும் உயரத்துக்கு வருமென்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். 50 அடியாவது தள்ளிப் போங்கள். பீயை முதலில் அள்ளிவிட்டுத்தான் கழுவ வேண்டும்.

வீடு கட்டி மிஞ்சிய பளபளப்பு டைல்ஸ் இருக்கிறது. (அக்கரைப்பற்று)

நனைந்தால் வழுக்கும், நாயின் இடுப்பும் மூட்டும் கெடும். விற்றுவிடுங்கள்.

கச்சான் காற்றுக்கால வெயிலுக்குச் சிலாப் சுடுகிறது, நாய் நிற்க மாட்டேன் என்கிறது. (திருக்கோவில்)

நாய்க்கு இருக்கிற புத்தி சிலாப் தெரிந்தெடுத்தவருக்கு இருந்திருக்க வேண்டும். கறுப்பு நிறம் எடுத்திருக்கிறீர்கள். புறங்கையை ஏழு விநாடி வைத்துப் பாருங்கள், உங்களால் முடியாவிட்டால் நாயாலும் முடியாது. பாதி இடத்துக்காவது கிடுகுக் கூரை போடுங்கள். இனிப் பதிப்பவர்கள் ஒரு மூலையில் சிலாப் இல்லாமல் மணலாக விடுங்கள், கிடந்து தோண்ட அதற்கும் ஓர் இடம் வேண்டும்.

பதித்து மூன்று நாள். நாய் உள்ளே போக அழுகிறது, விடலாமா? (தம்பிலுவில்)

அழட்டும். ஏழு நாள். பச்சைச் சீமெந்து பாதத்தைப் பொசுக்கும், சிலாப் மூட்டும் கலங்கிவிடும். மூட்டுகளின் மேல் ஈரச்சாக்கு போட்டுக் காலையும் மாலையும் தண்ணீர் தெளியுங்கள். சாக்கைக் கண்டால் நாய் இழுக்கும், ஆகவே கதவைப் பூட்டியே வையுங்கள்.