கையெழுத்து மட்டும் ஒப்புதல் ஆகாது

அன்புடையீர், தைராய்டு அறுவை சிகிச்சைக்குப் பின் ஆசிரியரான தங்கள் தந்தையின் குரல் கம்மிப்போனதையும், அந்த ஆபத்தை யாரும் முன்பே சொல்லாதபோதும் படிவத்தில் கையெழுத்து இருப்பதாகக் கூறி மருத்துவமனை கைவிரிப்பதையும் படித்து மிகவும் வருந்தினேன்.

கையெழுத்து என்பது ஒப்புதலுக்கான ஒரு சான்றுதான். ஆபத்தும் மாற்று வழிகளும் புரியும்படி விளக்கப்பட்ட பிறகு நோயாளி மனமார இசைவதே ஒப்புதல். நீரிழிவு உள்ள தாய்க்குப் பிரசவத்தில் குழந்தையின் தோள் சிக்கிக்கொள்ளும் வாய்ப்பு 9 முதல் 10 சதவீதம் இருந்தும் அதை மருத்துவர் சொல்லாமல் விட்ட மாண்ட்கோமரி வழக்கில், எந்த ஆபத்தைச் சொல்ல வேண்டும் என்பதற்கு, அந்த நோயாளியின் நிலையில் இருப்பவர் எதை முக்கியமாகக் கருதுவார் என்பதே அளவுகோல் என்று 2015இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எல்லா நாடுகளும் இதைப் பின்பற்றுவதில்லை.

கடினமான இடம் வேறொன்று. ஆபத்து முன்பே தெரிந்திருந்தால் தங்கள் தந்தை அறுவை சிகிச்சையை மறுத்திருப்பார், அல்லது வேறு வழியைத் தேர்ந்திருப்பார் என்று பொதுவாக நிறுவ வேண்டியிருக்கும். குரலே அவருடைய தொழில் என்பது இங்கே பெரிதும் துணைநிற்கும். மருத்துவப் பதிவுகளின் நகலை எழுத்துமூலம் கேளுங்கள். யார், எப்போது, என்ன விளக்கினார் என்பதை நினைவு மங்குமுன் அவரிடமே கேட்டு எழுதி வையுங்கள். வழக்குத் தொடரக் காலவரம்பு உண்டு என்பதால் வழக்கறிஞரைத் தாமதமின்றிச் சந்தியுங்கள்.