50 வயது தாண்டிய மண்டாய் ஜூவுக்கு இன்னும் குடும்பத்தோடு போகலாமா?

சிங்கப்பூர் மண்டாயில் பறவைப் பூங்கா, ஆற்று விலங்குப் பூங்கா என்று புதுசு புதுசாக வந்துவிட்டதே, வயதானவரையும் சின்னப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு பழைய ஜூவுக்குப் போகத்தான் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போங்கள். ஆனால் எல்லாவற்றையும் பார்த்தே தீருவது என்று மட்டும் கிளம்பாதீர்கள்.

ஜூன் விடுமுறையில் அப்பா, மனைவி, நாலு வயது மகளோடு நான் போனேன். அப்பா நேவல் பேஸ் வட்டாரத்தில் வளர்ந்தவர், 1973 ஜூனில் ஜூவைத் திறந்தபோது அவருக்கு 9 வயது. பிறகு பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிக்கொண்டு போனார்களாம். அவருக்கு இன்றைக்கும் நினைவில் நிற்பது கம்பி இல்லாததுதான். புலிக்கும் நமக்கும் நடுவில் ஒன்றுமே இல்லாத மாதிரி தெரியும், செடி மறைவில் பள்ளமும் தண்ணீரும் இருப்பது பிறகுதான் புரியும். "அன்னைக்கு முழுக்க டீச்சர் கையை நான் விடவே இல்லை" என்றார்.

 

உள்ளே போனதும் அப்பா நேராக ஓராங் ஊத்தான் பக்கம் நடந்தார். எங்கள் வீட்டு ஷோகேஸில் ஆ மெங் என்ற ஓராங் ஊத்தானோடு அவர் எடுத்த போட்டோ இருக்கிறது. யாரோ வீட்டில் வளர்த்ததை 1971ல் மீட்டுக் கொண்டுவந்த குரங்கு அது, 2008ல் இறந்தபோது ஊரே துக்கம் கொண்டாடியது. இப்போது வெண்கலச் சிலை இருக்கிறது. அப்பா அதன் தோளில் கை வைத்து, பழைய போட்டோவில் நின்ற அதே மாதிரி நின்றார், எடுக்கச் சொல்லிக் கேட்கவில்லை, நானே எடுத்தேன்.

எனக்கு இனுக்கா. வெப்பமண்டலத்தில் பிறந்த முதல் பனிக்கரடி, 2018ல் போய்விட்டது. 2004ல் ரோமத்துக்குள் பாசி வளர்ந்து அதுவும் அதன் தாயும் பச்சையாக இருந்தது நினைவிருக்கிறதா? இந்த வெயிலில் பனிக்கரடி வைத்தது சரியில்லை என்று இன்று எனக்குத் தோன்றுகிறது, ஆனாலும் தேடினேன்.

மகளுக்கு எங்கள் சோகம் எதுவும் புரியவில்லை. தலைக்கு மேலே கயிற்றில் ஓராங் ஊத்தான் கைமாற்றிக் கைமாற்றிப் போகிறது, கூட்டமே அண்ணாந்து பார்க்கிறது, இவள் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, பாதையோரம் குஞ்சுகளோடு சருகைக் கிளறிக்கொண்டிருந்த ஒரு கோழியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கால் மணி நேரம்! டிக்கெட்டுக்குக் கொடுத்த காசை நினைத்து நானும் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம், அவ்வளவுதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். காலை 8.30க்கே போய்விடுங்கள், பத்தரைக்கு மேல் வெயில் ஏற ஏற விலங்குகளும் நிழலுக்குள் படுத்துவிடும், பிள்ளைகளும் சிணுங்கும். காத்திப் எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து ஷட்டில் பஸ் இருக்கிறது, நாங்கள் பக்கத்துக் காப்பிக்கடையில் பரோட்டா சாப்பிட்டுவிட்டு ஏறினோம். முட்டிவலிக்காரர் இருந்தால் உள்ளே ஓடும் டிராமை நம்புங்கள், மேடு பள்ளம் உண்டு. வலைக்கூரை போட்ட மழைக்காட்டுப் பகுதியை மட்டும் விட்டுவிடாதீர்கள். பூனை அளவுகூட இல்லாத சருகுமான் காலடியில் ஓடும், பழந்தின்னி வௌவால் கைக்கெட்டும் தூரத்தில் தலைகீழாகத் தொங்கி, தாடையெல்லாம் சாறு வழியப் பப்பாளி தின்னும். மகள் என் கழுத்தை இறுக்கிக்கொண்டு, ஆனால் கண்ணை மூடாமல் பார்த்தாள்.

இரண்டு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. சிங்கம் பாக்கி. திரும்பிப் போகலாமா என்று கேட்டேன். "சிங்கம் எங்கே போயிடப்போகுது" என்று சொல்லி அப்பா குடையை விரித்தார்.