பாஜியோ என்றால் அந்த ஒரு பெனால்டிதானா?

கேள்வி: எங்கள் ஊர்க் கடற்கரையில் பந்து விளையாடும் பையன்கள், ராபர்டோ பாஜியோவை ‘பெனால்டியை வானத்துக்கு அடித்தவர்’ என்றுதான் சொல்கிறார்கள். அவ்வளவுதானா அவர்?
- வாசகர், தூத்தூர், கன்னியாகுமரி மாவட்டம்

பதில்: இல்லவே இல்லை. 1994 கால்பந்து உலகக் கோப்பையில் தன் நாடான இத்தாலியை இறுதிப் போட்டிவரை இழுத்து வந்ததே அவர்தான். நைஜீரியாவிடம் தோற்று மூட்டை கட்ட இரண்டே நிமிடம் இருந்தபோது சமன் செய்து, கூடுதல் நேரத்தில் பெனால்டி அடித்து ஜெயிக்க வைத்து, அப்புறம் ஸ்பெயினுக்கு எதிராக ஒன்று, பல்கேரியாவுக்கு எதிராக இரண்டு என நாக் அவுட்டில் (தோற்றால் வெளியேற வேண்டிய சுற்றுகளில்) மட்டும் 5 கோல். பிரேசிலுக்கு எதிரான இறுதிப் போட்டியில் தொடைக் காயத்தோடுதான் இறங்கினார். ஆட்டம் சமனாகி, யாருக்குக் கோப்பை என்று முடிவு செய்ய இரு அணியும் மாறி மாறி பெனால்டி அடித்தபோது, அவருக்கு முன்பே இத்தாலியின் பரேசியும் மஸ்ஸாரோவும் பெனால்டியைத் தவறவிட்டிருந்தார்கள். பாஜியோ அடித்திருந்தாலும் பிரேசிலுக்கு இன்னொரு வாய்ப்பு பாக்கி இருந்தது. ஆனால் பந்து கம்பத்துக்கு மேலே போனதும் இடுப்பில் கைவைத்துத் தலைகுனிந்து நின்றாரே, அந்தப் படம்தான் எல்லோர் மனதிலும் ஒட்டிக்கொண்டது. எனக்கு இது இன்றைக்கும் ஆறாத வருத்தம். பையன்களுக்கு அந்த நைஜீரியா ஆட்டத்தை ஒருமுறை போட்டுக் காட்டுங்கள்.