சூடானால் மட்டும் மக்கர் செய்யும் புல்லட்

கேள்வி: என்னுடையது 1993ஆம் வருட புல்லட் 350. பாயிண்ட் (ஸ்பார்க்குக்காகக் கரண்டை இணைத்துத் துண்டிக்கும் தொடுமுனைகள்) வைத்த வண்டி, 12 வோல்ட். காலையில் இரண்டாவது கிக்கிலேயே எடுத்துவிடும். 20 கிலோமீட்டர் ஓட்டி, டீக்கடையில் நிறுத்தினால் அரைமணி நேரம் ஆறிய பிறகுதான் ஸ்டார்ட் ஆகிறது. பிளக் மாற்றி, கார்புரேட்டரையும் கழுவியாயிற்று. கோளாறு எங்கே?
- தேனி வாசகர்

பதில்: ஆறினால் தானாகச் சரியாகிற கோளாறு என்றால் முதல் சந்தேகம் கண்டென்சர் (பாயிண்ட்டோடு இணைந்த சிறு மின்தேக்கி) மீதுதான், அடுத்தது காயில் (பேட்டரி வோல்டேஜைப் பிளக்குக்கு வேண்டிய அளவு உயர்த்துவது). அதற்காக இரண்டையும் வாங்கி மாட்டிவிடாதீர்கள். வண்டி எடுக்காமல் நிற்கிற அந்த அரைமணிக்குள் சோதியுங்கள். ஆறிய வண்டியில் எல்லாமே நன்றாக இருப்பதுபோலத்தான் தெரியும்.

பிளக்கைக் கழற்றுங்கள் (கொதிக்கும், துணியால் பிடியுங்கள்). முனை காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. டேங்க் மூடியைத் திறக்கும்போது காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது; அதைக் குத்திவிட்டாலே போதும். முனை நனைந்திருந்தால் கரண்ட் பக்கம் வாருங்கள்.

பிளக்கைத் துடைத்து மாட்டி, லைட்டை அணைத்து, சாவியைப் போடுங்கள். டீகம்ப்ரஸரை (இன்ஜின் அழுத்தத்தை வெளியேற்றும் லீவர்) பிடித்தபடி கிக்கரைக் கையால் மெல்ல அமுக்குங்கள். பாயிண்ட் சேரும்போது ஆம்பியர் மீட்டர் முள் மைனஸ் பக்கம் சாயும், திறக்கும்போது நடுவுக்கு வரும். சாயவே இல்லையா? பாயிண்ட்டில் அழுக்கு, அல்லது ஒயரோ காயிலோ அறுந்திருக்கிறது. சாய்ந்தபடியே நிற்கிறதா? பாயிண்ட் திறக்கவில்லை, இல்லையேல் கண்டென்சர் ஷார்ட். பாயிண்ட் சேர்ந்த நிலையில் சாவியைப் போட்டே வைத்திருந்தால் காயில் கருகும், பார்த்தவுடன் அணையுங்கள்.

முள் ஒழுங்காக ஆடினால் பாயிண்ட் மூடியைக் கழற்றி, மறுபடி அதேபோல் அமுக்கிப் பாருங்கள். பாயிண்ட்டில் ஊசிமுனை அளவு பொறி வருவது இயல்பு. பளிச்சென்று மஞ்சளாக வெடித்தால் கண்டென்சர் செத்துவிட்டது. பாயிண்ட் திறக்கும் நொடியில் அங்கே வருகிற கரண்டை வாங்கிக்கொள்வதுதான் அதன் வேலை. அது வாங்காவிட்டால் கரண்ட் பாயிண்ட்டிலேயே தாவி வீணாகும். பிளக்குக்கு வேண்டிய வோல்டேஜ் ஏறாது. கண்டென்சர் இருப்பதோ இன்ஜின் சூட்டுக்குப் பக்கத்தில்.

உறுதிசெய்ய, பழைய கண்டென்சரின் ஒயரை முதலில் கழற்றுங்கள். அது ஷார்ட் ஆகியிருந்தால், கூடவே புதியதைச் சேர்த்துப் பயனில்லை. புதியதன் உடம்பு இன்ஜினிலும் ஒயர் பாயிண்ட்டிலும் படும்படி தற்காலிகமாகக் கட்டி உதையுங்கள். எடுத்துக்கொண்டால் அதையே நிரந்தரமாக மாட்டலாம். எடுக்காவிட்டால் காயிலின் ஒயர்களைக் கழற்றி, சூட்டோடு மல்டிமீட்டர் வையுங்கள். இரண்டு சின்ன முனைகளுக்கு இடையே சுமார் 3 முதல் 4 ஓம் காட்ட வேண்டும். குளிரில் காட்டி, சூட்டில் அளவே இல்லாமல் போனால் உள்சுற்று விட்டுப்போகிறது. காயிலை மாற்றத்தான் வேண்டும்.

கண்டென்சர் கெட்டிருந்த வண்டியில் பாயிண்ட்டும் தீய்ந்திருக்கும். நைசான அரத்தால் தேய்த்து, பெட்ரோலில் நனைத்த கெட்டி அட்டையை இடையே இழுத்துத் துடையுங்கள். முழுதாகத் திறந்த நிலையில் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர், ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) இல்லாமல் கண் மதிப்பில் வைக்க வேண்டாம். கேமை (சுழன்று பாயிண்ட்டைத் தள்ளித் திறக்கும் பாகம்) தொடும் ஃபைபர் தேயத் தேய இந்த இடைவெளி குறையும், டைமிங்கும் (ஸ்பார்க் வரும் நேரம்) பின்தங்கும். கேமில் கடுகளவு கிரீஸ் தடவுங்கள். கூடினால் அது பாயிண்ட்டில் தெறித்துக் கருகும்.

கேள்வி: ஆர்எக்ஸ் 100ஐத் தண்ணீர்விட்டுக் கழுவினால் அன்று முழுக்க ஸ்டார்ட் ஆவதில்லையே?
- கரூர் வாசகர்

பதில்: பிளக் கேப்தான். அதை இடப்பக்கம் திருகிக் கழற்றுங்கள். ஒயர் நுனி பச்சை பூத்திருந்தால் 5 மில்லிமீட்டர் வெட்டிவிட்டுப் புது கேப்பைத் திருகுங்கள். அப்படியும் ஸ்பார்க் வராவிட்டால், சாவி சுவிட்சிலிருந்து சிடிஐக்கு (ஸ்பார்க்கை உண்டாக்கும் எலக்ட்ரானிக் பெட்டி) வரும் ஒயரைப் பிடுங்கிவிட்டு உதைத்துப் பாருங்கள். இந்த வண்டியில் சாவியை அணைப்பது என்பதே அந்த ஒயரை எர்த் செய்வதுதான். சுவிட்சில் தண்ணீர் புகுந்தால் அதே வேலை தானாக நடக்கும். பிடுங்கியதும் ஸ்பார்க் வந்தால் சிடிஐ நல்லது, சுவிட்சைக் காயவைத்துச் சுத்தம் செய்யுங்கள்.