நாடகம் போட வேண்டாம், கதையை நடுவில் நிறுத்துங்கள்

கேள்வி: எட்டாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். எந்தக் கதையை நடத்தினாலும், 'இந்த இடத்தில் அவர் மனநிலை என்ன?' என்று கேட்டால் 'சோகமாக இருந்தார்', 'கோபமாக இருந்தார்' என்பதோடு மாணவர்கள் நிறுத்திவிடுகிறார்கள். நாடகமாக நடத்திப் பார்த்தேன். நன்றாகப் பேசும் நாலைந்து பேர் நடிக்கிறார்கள், மற்றவர்கள் சிரிக்கிறார்கள். வகுப்பில் 42 பேர், பாடவேளை 40 நிமிடம். வேறு எப்படிச் செய்யலாம்?

பதில்: நீங்கள் செய்து பார்த்தது ஆண்டு விழா நாடகம். வசனம் மனப்பாடம், குரலில் ஏற்ற இறக்கம், கடைசியில் கைதட்டல். அதில் பிள்ளைகளின் கவனமெல்லாம் 'நான் எப்படித் தெரிகிறேன்' என்பதில் போய்விடும். ஒரு பாத்திரத்தின் மனசுக்குள் போக மேடையும் வேண்டாம், பார்வையாளரும் வேண்டாம். கதையை ஓர் இடத்தில் நிறுத்தி, வகுப்பு முழுவதையும் அந்த இடத்துக்குள் அனுப்ப வேண்டும், அவ்வளவுதான்.

எங்கே நிறுத்துவது என்பதுதான் முக்கியம். பாத்திரம் அழும் இடத்தில் நிறுத்தாதீர்கள். அங்கே உணர்ச்சி வெளியே கொட்டிவிட்டது, 'சோகம்' என்று எழுதுவதைத் தவிர பிள்ளைகளுக்கு வேலை இல்லை. ஒருவர் முடிவெடுக்க வேண்டிய, ஆனால் இன்னும் எடுக்காத இடத்தில் நிறுத்துங்கள்.

சிலப்பதிகாரத்தையே எடுத்துக்கொள்வோம். பள்ளிகளில் எல்லாரும் நடிக்கவைப்பது, கண்ணகி பாண்டியனிடம் நீதி கேட்கும் வழக்குரை காதையை. என்னைக் கேட்டால், வகுப்புக்கு அதைவிடப் பொருத்தம் அதற்கு முன்னால் வரும் கொலைக்களக் காதை. அரசி ஊடல் கொண்டு, தலைவலி என்று சொல்லிவிட்டு எழுந்து போகிறாள். அவளைத் தேடிப் பாண்டியன் போகும் வழியில்தான், அரசியின் சிலம்பைத் தானே திருடியிருந்த பொற்கொல்லன் காலில் விழுந்து, சிலம்பு திருடியவன் பிடிபட்டான் என்கிறான். விசாரிக்காமலே ஆணை பிறக்கிறது. காவலர்கள் போகிறார்கள், கோவலனைப் பார்த்ததும் இவன் கொலைக்கு உரியவன் அல்லன் என்கிறார்கள். பொற்கொல்லன் சிரித்து, மந்திரம், மருந்து, தந்திரம் என்று கள்வர்களின் துணைகளை அடுக்குகிறான். ஒரு இளைஞன், ஒரு மழை இருட்டில் தன் கையிலிருந்த வாளையே திருடன் பறித்துப்போன கதையைச் சொல்கிறான். இவனை விட்டால் அரசன் நம்மைத் தண்டிப்பான், என்ன செய்யலாம், சொல்லுங்கள் என்று கேட்கிறான். அடுத்த நொடி, குடிவெறியில் இருந்த ஒருவன் வாளை வீசுகிறான்.

'என்ன செய்யலாம்' என்ற அந்தக் கேள்விக்கும் வாள் வீச்சுக்கும் நடுவில் நிறுத்துங்கள். கொலையை நடிக்கவைக்கவே வேண்டாம்.

இப்போது 42 பேரும் காவலர்கள். பிள்ளைகளுக்கு 'ஸ்டேச்சூ' விளையாட்டு தெரியும். நீங்கள் சொன்னதும் அவரவர் இடத்திலேயே எழுந்து, அந்த நொடியில் ஒரு காவலன் எப்படி நின்றிருப்பானோ அப்படி உறைந்து நிற்கட்டும். பெஞ்சை நகர்த்தத் தேவையில்லை. எல்லாரும் நடிக்கும்போது சிரிக்க ஆள் இருக்காது. நீங்கள் நடந்துபோய் ஒருவர் தோளுக்கு அருகில் கையை நீட்டினால், அவர் மனசுக்குள் ஓடுவதை ஒரே வரியில் சொல்ல வேண்டும். 'இவன் முகத்தைப் பார்த்தால் திருடன் மாதிரி இல்லை.' 'நான் வாயைத் திறந்தால் என் வேலை போகும்.' 'யாராவது முதலில் பேசினால் நானும் பேசுவேன்.' இந்த மூன்றாவது மாதிரி ஒரு வரி வந்துவிட்டால், பிள்ளைகள் கதைக்குள் போய்விட்டார்கள் என்று அர்த்தம். 'பயம்' என்று எழுதியிருந்தால் இது வந்திருக்காது. பத்துப் பன்னிரண்டு பேரைத் தொட்டால் போதும். பேச விரும்பாதவர் தலையசைத்து விலகலாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். உறைந்து நிற்பதும் பங்கேற்புதான்.

அப்புறம், பாத்திரத்தை நாற்காலியில் உட்காரவைத்துக் கேள்வி கேட்பது. இது நமக்குப் புதிதில்லை. தெருக்கூத்தில் வேடம் உள்ளே வந்ததும் கட்டியங்காரன் யார் நீங்கள், எதற்கு வந்தீர்கள் என்று மடக்கிக் கேட்பானே, அதுதான். வகுப்பு முழுவதும் கட்டியங்காரன். முதல் தடவை நாற்காலியில் நீங்களே பொற்கொல்லனாக உட்காருங்கள். ஆசிரியரே வேடமேற்கும் இந்த முறையை வகுப்பறைகளில் வேரூன்றச் செய்தவர்களில் முக்கியமானவர் இங்கிலாந்தின் டோரதி ஹீத்கோட் (1926–2011). நீங்கள் வேடத்தில் இருந்தால் குரல் மாற்றாமல், மிகை நடிப்பு இல்லாமல் பதில் சொல்வது எப்படி என்று பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள். கடினமான கேள்வி வந்தால் பொய் சொல்லுங்கள், மழுப்புங்கள். பொற்கொல்லன் அதைத்தானே செய்வான்? அந்தப் பொய்யை அவர்கள் பிடிக்கட்டும். அடுத்து பாண்டியனாக ஒரு மாணவரை உட்காரவையுங்கள். 'ஏன் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை?' என்று நிச்சயம் யாராவது கேட்பார்கள். 'அரசி கோபமாக இருந்தாள், எனக்கு அவசரம்' என்று பதில் வந்தால், உடனே பாடலுக்குப் போங்கள். 'தேரான் ஆகி' என்று இளங்கோவே எழுதியிருக்கிறார், ஆராயாதவனாக என்று பொருள்.

இந்தத் திரும்பிப் போதலை விட்டுவிடக் கூடாது. எந்தப் பதிலுக்கும் 'கதையில் எதை வைத்துச் சொல்கிறாய்?' என்று கேளுங்கள். கேட்காவிட்டால் பிள்ளைகள் தங்கள் மனசைத்தான் பேசுவார்கள், பாண்டியன் மனசை அல்ல. ஆதாரம் இல்லாத ஊகம் தப்பில்லை. அதை ஊகம் என்றே பலகையில் தனியாக எழுதுங்கள்.

ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். பொற்கொல்லன் பாத்திரத்தை விசாரிக்கும்போது பேச்சு அந்தத் தொழில் செய்பவர்கள் மீதே திரும்பலாம். உங்கள் வகுப்பிலேயே அந்தக் குடும்பத்துப் பிள்ளை இருக்கலாம். குற்றம் செய்தவன் ஒருவன் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். சிலப்பதிகாரத்தின் முன்பகுதியில் உள்ள உரைபெறு கட்டுரையில், அந்த ஒருவன் செய்ததற்காகக் கொற்கையிலிருந்த பாண்டியன் வெற்றிவேற்செழியன் ஆயிரம் பொற்கொல்லரைக் கொன்று களவேள்வி (உயிர்ப்பலி) செய்ததாக வருகிறது. பெரிய பிள்ளைகளிடம் 'இது நியாயமா?' என்று அதையே கேள்வியாக வைக்கலாம். அதேபோல, வகுப்பில் ஏற்கெனவே கேலிக்கு ஆளாகும் பிள்ளைக்கு 'திருடன்' பட்டம் வரும் வேடத்தைத் தராதீர்கள். நாற்காலியிலிருந்து எழுந்ததும் அவரவர் பெயரைச் சொல்லி அழைத்து இடத்துக்கு அனுப்புங்கள். வேடம் அங்கேயே முடிந்துவிட வேண்டும்.

நேரத்தைப் பொறுத்தவரை, வாசிக்கப் பத்து நிமிடம், உறைநிலைக்குப் பத்து, நாற்காலிக்குப் பத்து. மிச்சப் பத்து நிமிடம் எழுதுவதற்கு. 'காவலர்களின் மனநிலை என்ன?' என்று கேட்காமல், அன்று இரவு வீட்டுக்குப் போன ஒரு காவலன் தன் அம்மாவிடம் என்ன சொன்னான், என்ன சொல்லாமல் விட்டான் என்று ஐந்து வரி எழுதச் சொல்லுங்கள். மதிப்பெண் போடும்போது நடிப்பைப் பார்க்காதீர்கள், சொல்லாமல் விட்டது என்ன என்று எழுதியிருக்கும் வரியைப் பாருங்கள்.