அலுமினியத் தாளில் குமிழி வராதது ஏன்?

அலுமினியமும் தண்ணீரும் வினைபுரிந்தால் ஹைட்ரஜன் வாயு வரும் என்று நம்பி, தாளை வெந்நீரில் போட்டும் ஒரு குமிழிகூட வரவில்லை என்கிறீர்கள். தாளில் தப்பில்லை. அலுமினியத்தின் மேல் சில நானோமீட்டர் தடிமனில் ஆக்சைடு படலம் இருக்கிறது. தண்ணீரை உள்ளே விடாது. சுரண்டினாலும் நொடியில் மறுபடி மூடிக்கொள்ளும்.

30 டிகிரியிலேயே உருகும் காலியம் என்ற உலோகத்தைத் தடவினால் அது அலுமினியத்தின் நுண்ணிய படிக மணிகளுக்கு இடையில் புகுந்துவிடும். தாள் விரலில் பொடியும், அப்புறம் சாதாரணத் தண்ணீரிலேயே நுரைக்கும். காஸ்டிக் சோடாவும் படலத்தைக் கரைக்கும். ஆனால் வினை சூடேறச் சூடேற வேகமெடுக்கும், தெறித்தால் கண் போய்விடும். வினை நடக்கும் பாட்டிலை மட்டும் மூடிவிடாதீர்கள், வாயு சேர்ந்து வெடிக்கும். காற்றில் 4 சதவீதம் ஹைட்ரஜன் கலந்தாலே ஒரு பொறி போதும்.

சரி, இந்த ஹைட்ரஜனில் ஜெனரேட்டர் ஓட்டலாமா? 1 கிலோ அலுமினியம் கொடுப்பது சுமார் 111 கிராம் ஹைட்ரஜன். எரித்தால் 3.7 யூனிட் வெப்பம்; இன்ஜினில் கால்வாசிதான் மின்சாரமாகும். அந்த ஒரு கிலோவை உருக்காலையில் எடுக்கவே 13 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் செலவாகியிருக்கும். கழிவு அலுமினியம் சும்மா கிடைத்தால் செய்து பார்க்கலாம். அப்போதும் அதை மறுசுழற்சிக்கு அனுப்புவதே லாபம் என்பது என் கணக்கு.